நட்சத்திரத்தை எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும்

முகத்தில் சாயம் பூசி 'இந்தியராக' நடித்தவர். டால்ஃபின்களுக்காக ஆஸ்கர் வாங்கியவர். பெக்கம் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்தவர். நடிகர், ஆவணப்பட இயக்குநர் ஃபிஷர் ஸ்டீவன்ஸின் நாற்பதாண்டுப் பயணம், இன்றைய 'செலிபிரிட்டி டாக்குமென்ட்ரி' அலையைப் பற்றி நிறையச் சொல்கிறது.

விக்டோரியா பெக்கம் உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். தன் வீட்டிலும் சரி, கணவர் வீட்டிலும் சரி, பெற்றோர் கடுமையாக உழைத்தவர்கள். உழைக்கும் வர்க்கம்தான் என்று சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் கதவு கொஞ்சம் திறக்கிறது. கணவரும் கால்பந்து நட்சத்திரமுமான டேவிட் பெக்கம் தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறார். "உண்மையைச் சொல்லு."

உண்மையைத்தான் சொல்கிறேன் என்கிறார் மனைவி. "அப்படியா? உங்க அப்பா உன்னை எந்தக் காரில் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனார்?" விக்டோரியா நழுவப் பார்க்கிறார். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்கிறார். கணவர் விடுவதாக இல்லை. கடைசியில், எண்பதுகளில் அப்பாவிடம் ரோல்ஸ் ராய்ஸ் இருந்தது என்ற உண்மை வெளியே வருகிறது. டேவிட் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு பாகத் தொடர் 'பெக்கம்'. அதில் கோல்கள் உண்டு, கோப்பைகள் உண்டு, கண்ணீர் உண்டு. ஆனால் உலகம் முழுக்க மீம்ஸாகப் பறந்தது இந்த அரை நிமிடக் காட்சிதான். பேட்டி எடுத்தவரான இயக்குநர் கேட்காத கேள்வியை, வீட்டுக்காரரே வந்து கேட்டுவிட்டார். இயக்குநர் செய்ததெல்லாம் கேமராவை நிறுத்தாமல் இருந்ததும், அந்தக் காட்சியை வெட்டாமல் விட்டதும்தான்.

அந்த இயக்குநர் ஃபிஷர் ஸ்டீவன்ஸ். பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் பழக்கமாக இருக்கும். 'சக்சஷன்' தொடரின் பி.ஆர். அதிகாரி ஹியூகோ அவர்தான். 'ஹேக்கர்ஸ்' படத்து வில்லனும் அவர்தான். வெஸ் ஆண்டர்சன் படங்களில் ஒரு மூலையில் வந்து போவார்.

அவருடைய ஆவணப்படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று பிடிபடும். அவற்றில் நன்றாக வந்தவை எல்லாவற்றிலும், நடுவில் இருக்கும் பெரிய மனிதரை எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள் இல்லாத இடங்களில் படம் விளம்பரமாகிவிடுகிறது. நட்சத்திரங்கள் தங்கள் கதையைத் தாங்களே தயாரித்து ஓடிடியில் வெளியிடும் இந்தக் காலத்தில், அது அவர் ஒருவரோடு நிற்கிற விஷயமில்லை.

திருப்பிப் போட்ட பெயர்

1963 நவம்பர் 27-ல் சிகாகோவில் பிறந்தபோது அவர் பெயர் ஸ்டீவன் ஃபிஷர். பதின்மூன்று வயதில் அம்மாவுடன் நியூயார்க் வந்தார். அதே வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பின் மீண்டார். நடிக்கக் கிளம்பியபோது நடிகர் சங்கத்தில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். பெயரைத் திருப்பிப் போட்டு ஃபிஷர் ஸ்டீவன்ஸ் ஆனார்.

1981-ல் 'தி பர்னிங்' என்ற திகில் படத்தில் சின்ன வேடம். பிறகு பிராட்வே மேடை. 1986-ல் நண்பர்களோடு சேர்ந்து 'நேக்கட் ஏஞ்சல்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். பத்து ஆண்டு கழித்து ஜான் பெனோட்டியுடன் 'கிரீன்ஸ்ட்ரீட் ஃபிலிம்ஸ்' என்ற தயாரிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்தின் 'இன் தி பெட்ரூம்' (2001) சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. நடுவில் 'ஏர்லி எடிஷன்' தொலைக்காட்சித் தொடர் அவரை வீடுகளுக்குள் கொண்டுபோனது. ஹாலிவுட்டில் முதல் வரிசை நாயகனாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. முதல் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தவராக இருந்தார். ஆவணப்படத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கம்தான் அவருக்கு முதலானது.

பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்த 'இந்தியர்'

அதற்கு முன் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1986-ல் வந்த 'ஷார்ட் சர்க்யூட்', மின்னல் தாக்கி உயிர் பெறும் ரோபோவின் கதை. அதில் பென் ஜபிதுயா என்ற இந்திய விஞ்ஞானியாக நடித்தவர் ஸ்டீவன்ஸ். தினமும் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைத் தோலுக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டார். இழுத்து இழுத்து ஓர் ஆங்கிலம் பேசினார். படத்தில் ஒரு நகைச்சுவை: சொந்த ஊர் எது என்று நண்பர் கேட்க, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்பார் பென். முன்னோர்கள்? பிட்ஸ்பர்க்! சிரிப்பை எழுதியவர்கள் யாருக்கும் பாத்திரத்தின் பெயரைப் பற்றி அக்கறை இல்லை. 1988-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே பாத்திரத்தின் குடும்பப் பெயர் ஜார்வி என்று மாறிப்போனது.

அந்த இரண்டாம் பாகத்தைத் தென் கரோலினாவில் ஒரு சிறுவன் வாய் பிளந்து பார்த்தான். அமெரிக்கப் படத்தில் ஓர் இந்தியர் நாயகன்! பெயர் அஜீஸ் அன்சாரி. தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை; பின்னாளில் பெயர் பெற்ற நகைச்சுவைக் கலைஞர். தன்னைப் போன்ற ஒருவன் என்று அவர் நினைத்த அந்தத் திரை நாயகன், சாயம் பூசிய வெள்ளைக்காரர் என்பது அவருக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது.

2015 நவம்பரில் அன்சாரி 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரைக் கொண்டுவந்தார். 'இந்தியன்ஸ் ஆன் டிவி' என்று ஒரு பாகம். அதில் 'ஷார்ட் சர்க்யூட் 2' பேச்சுக்கு வருகிறது. அதே சமயம் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். எழுதுவதற்கு முன் ஸ்டீவன்ஸையே தேடிப் பிடித்துப் பேசினார்.

ஸ்டீவன்ஸ் ஒளிக்கவில்லை. அந்த வேடம் முதலில் வெள்ளை இளைஞனுக்காக எழுதப்பட்டது. தன்னை எடுத்தார்கள், நீக்கினார்கள், மறுபடி கூப்பிட்டபோது பாத்திரம் இந்தியராக மாறியிருந்தது என்று நடந்ததைச் சொன்னார். உச்சரிப்புக்குப் பயிற்சி எடுத்ததையும், இரண்டாம் பாகத்துக்கு முன் இந்தியா வந்து தங்கியதையும் சொன்னார். இன்று கேட்டால் அந்த வேடத்தை ஏற்க மாட்டேன் என்றார். வில்லனைத் தேடிப் போன அன்சாரி, யோசித்துப் பேசும் ஒரு மனிதரைச் சந்தித்ததாக எழுதினார்.

ஒப்புக்கொண்டாகிவிட்டது, விஷயம் முடிந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அன்சாரியின் கேள்வி தனி மனிதரைப் பற்றியது அல்ல. ஓர் இந்திய நடிகரைத் தேட ஏன் யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் கேள்வி. அந்தத் தொடரில் தன் பெற்றோராக நடிக்க அவர் தன் சொந்த அப்பா அம்மாவையே கேமரா முன் நிறுத்தினார். பதில் அதிலேயே இருந்தது.

பெட்டிச் செய்தி: ஸ்டீவன்ஸின் முக்கிய ஆவணப்படங்கள்

• கிரேஸி லவ் (2007): டேன் க்ளோர்ஸின் படம், ஸ்டீவன்ஸ் இணை இயக்குநர். இண்டிபெண்டென்ட் ஸ்பிரிட் விருது.
• தி கோவ் (2009): தயாரிப்பாளர். ஆஸ்கர் விருது.
• மிஷன் புளூ (2014): ராபர்ட் நிக்சனுடன் இணைந்து இயக்கம். கடல் ஆய்வாளர் சில்வியா எர்ல் பற்றியது.
• ரேசிங் எக்ஸ்டின்க்‌ஷன் (2015): தயாரிப்பாளர்களில் ஒருவர்.
• பிரைட் லைட்ஸ் (2016): அலெக்ஸிஸ் புளூமுடன் இணைந்து இயக்கம்.
• பிஃபோர் தி ஃப்ளட் (2016): இயக்கம். லியனார்டோ டிகாப்ரியோவின் காலநிலைப் பயணம்.
• அண்ட் வி கோ கிரீன் (2019): மால்கம் வென்வில்லுடன் இணைந்து இயக்கம். மின்சாரக் கார் பந்தயம்.
• டைகர் கிங் (2020): நிர்வாகத் தயாரிப்பாளர்.
• பெக்கம் (2023): இயக்கம். எம்மி விருது.

எடிட்டிங் மேஜையில் உருவான ஆஸ்கர்

ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் டைஜி என்ற சிறு மீன்பிடி ஊர். ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தால் படகுகளில் உலோகக் கம்பிகளை நீருக்குள் இறக்கித் தட்டி, அந்த ஓசையால் டால்ஃபின்களை விரட்டி ஒரு சிறு குடாவுக்குள் அடைப்பார்கள். நல்லவை நீர்க்காட்சி நிறுவனங்களுக்கு உயிரோடு போகும். மற்றவை கறிக்கு வெட்டப்படும். ஒரு காலத்தில் 'ஃபிளிப்பர்' தொலைக்காட்சித் தொடருக்காக டால்ஃபின்களைப் பழக்கிய ரிக் ஓ'பாரி, அந்தத் தொழிலையே எதிர்க்கும் போராளியாக மாறி அங்கே போனார். அவரோடு போனவர் லூயி சிஹோயோஸ். நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் புகைப்படக்காரர். அதுவரை படம் எடுத்ததில்லை. செயற்கைப் பாறைகளுக்குள் கேமராக்களை ஒளித்து, இரவில் போய்க் குடாவில் வைத்துவிட்டு வந்தார்கள்.

கையில் அரிய காட்சிகள் இருந்தன. கதையாகக் கோக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. படத்துக்குப் பணம் போட்டவர் நெட்ஸ்கேப் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் கிளார்க். ஸ்டீவன்ஸ் தயாரிப்பாளராக உள்ளே வந்தார். எழுத்தாளர் மார்க் மன்ரோ சேர்ந்தார். பிரசாரப் படமாகப் போயிருக்க வேண்டியது, ஒரு கூட்டம் கூடித் திட்டம் போட்டுக் கோட்டைக்குள் நுழையும் திருட்டுப் படத்தின் வேகத்தில் உருவானது.

2010 மார்ச் 7, ஆஸ்கர் மேடை. சிறந்த ஆவணப்படம் 'தி கோவ்'. சிஹோயோஸும் ஸ்டீவன்ஸும் சிலையை வாங்கினார்கள். ரிக் ஓ'பாரி ஒரு துணிப் பதாகையைத் தூக்கிப் பிடித்தார். டால்ஃபின் என்று ஓர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லும் பதாகை. உடனே கேமரா அரங்கத்தின் பக்கம் திரும்பியது, வாத்திய இசை எழுந்தது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஜப்பானில் படத்தை வெளியிட முயன்றபோது தேசியவாதக் குழுக்கள் அரங்குகளின் முன் போராட்டம் நடத்தின. சில அரங்குகள் பின்வாங்கின. 2010 ஜூலையில் ஒரு சில அரங்குகளில் மட்டும் வெளியானது. ஐந்து ஆண்டு கழித்து, உலக விலங்குக்காட்சி மற்றும் நீர்க்காட்சிச் சங்கத்தின் நெருக்கடிக்குப் பின், டைஜி வேட்டையில் பிடித்த டால்ஃபின்களை வாங்குவதில்லை என்று ஜப்பானின் விலங்குக்காட்சி மற்றும் நீர்க்காட்சிச் சங்கம் முடிவெடுத்தது. உயிரோடு விற்கும் ஒரு டால்ஃபினுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை, கறிக்கு அறுநூறு டாலர் என்று படம் கணக்குச் சொன்னது. அப்படியென்றால் அடி விழுந்தது வருமானத்தின் மீது.

ஆனால் வேட்டை நிற்கவில்லை. டைஜியில் அது இன்றும் நடக்கிறது. தங்கள் தரப்பைப் படம் கேட்கவில்லை என்று மீனவர்கள் குமுறினார்கள். கெய்கோ யாகி 'பிஹைண்ட் தி கோவ்' என்று எதிர்ப்படமே எடுத்தார். மெகுமி சசாகி 'எ வேல் ஆஃப் எ டேல்' படத்தில் இரண்டு பக்கத்தாரையும் பேசவிட்டார். 'தி கோவ்' படத்திலேயே டால்ஃபின் கறியின் பாதரசத்தைப் பற்றிக் குரல் எழுப்பும் உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் இருவர் வருகிறார்கள். ஆனால் ஓ'பாரியைப் பார்த்து எதிர்க்கேள்வி கேட்க அந்தப் படத்தில் யாரும் இல்லை. உலகத்தை உலுக்கிய அந்தப் படத்தால் டைஜியை மட்டும் அசைக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிகாப்ரியோவுக்கு டெல்லியில் கிடைத்த பதில்

'பிஃபோர் தி ஃப்ளட்' எடுக்கும்போது ஸ்டீவன்ஸ் பாடம் கற்றிருந்தார். ஐ.நா.வின் காலநிலைத் தூதரான லியனார்டோ டிகாப்ரியோ உலகம் சுற்றுகிறார். கிரீன்லாந்தில் உருகும் பனி, சுமத்ராவில் பாமாயிலுக்காக எரிக்கப்படும் காடு, ஒபாமா, போப் பிரான்சிஸ், எலான் மஸ்க். நட்சத்திரத்தின் செல்வாக்கு இல்லாமல் இத்தனை கதவுகள் திறந்திருக்காது. திறந்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தோடு ஒத்துப்போனார்கள்.

ஒத்துப்போகாதவர் டெல்லியில் இருந்தார். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் சுனிதா நாராயண். காலம் தப்பிப் பெய்த மழையில் பயிரைப் பறிகொடுத்த ஹரியானா விவசாயிகளைக் காட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த டிகாப்ரியோவிடம் நேராகக் கேட்டார். நிலக்கரியைக் கைவிடு என்று இந்தியாவுக்கு உபதேசம் செய்யும் அமெரிக்கா, தன் வாழ்க்கை முறையைப் பற்றி ஏன் பேசுவதில்லை? நுகர்வைக் குறைப்பதுதானே முதல் வேலை? டிகாப்ரியோ சங்கடத்தோடு தலையாட்டுகிறார். அமெரிக்கர்களை வாழ்க்கை முறையை மாற்றச் சொல்வது நடக்காத காரியம் என்று ஒப்புக்கொள்கிறார்.

உலகம் மதிக்கும் ஒரு நடிகர் தன் படத்திலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம் அது. இயக்குநர் அதை வெட்டாமல் விட்டார். 

பெட்டிச் செய்தி: ஒரு வீடு, எத்தனை வீடு?

வீட்டு உபயோகத்தில் ஓர் அமெரிக்கர் செலவழிக்கும் மின்சாரம், மற்ற நாடுகளில் எத்தனை பேருக்குச் சமம்? படத்தில் சுனிதா நாராயண் காட்டும் கணக்கு:

• பிரான்ஸ்: 1.5 பேர்
• ஜப்பான்: 2.2 பேர்
• சீனா: 10 பேர்
• இந்தியா: 34 பேர்
• நைஜீரியா: 61 பேர்

2016 அக்டோபர் இறுதியில், அமெரிக்கத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, நேஷனல் ஜியோகிராஃபிக் படத்தைப் பல நாடுகளில் ஒளிபரப்பியது. யூடியூப் உட்படப் பல தளங்களில் இலவசமாகவும் திறந்துவிட்டது. நவம்பர் 8-ல் டொனால்ட் டிரம்ப் வென்றார். அடுத்த ஜூனில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தார். ஆவணப்படத்துக்குக் கூட்டம் சேர்வது வேறு, வாக்கு சேர்வது வேறு.

அம்மாவும் மகளும்

அதே 2016-ல் ஸ்டீவன்ஸும் அலெக்ஸிஸ் புளூமும் இயக்கிய 'பிரைட் லைட்ஸ்' கேன்ஸில் திரையிடப்பட்டது. 'சிங்கின் இன் தி ரெய்ன்' நாயகி டெபி ரெனால்ட்ஸ், அவர் மகளும் 'ஸ்டார் வார்ஸ்' லேயா இளவரசியுமான கேரி ஃபிஷர். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது, ஆனாலும் மேடையை விட மனமில்லை. மகளுக்கு மேடையின் பொய் முழுக்கத் தெரியும். இருவர் வீடும் ஒரே வளாகத்தில். கையில் சமைத்த பதார்த்தத்தை ஏந்தியபடி மகள் அம்மா வீட்டுக்கு இறங்கிப் போகிறார். அம்மா கட்டிக் காக்கும் பிம்பத்தை ஒவ்வொரு முறையும் மகள் ஒரு கிண்டலில் ஊதித் தள்ளிவிடுகிறார். அம்மாவுக்குக் கோபம் வருவதில்லை.

வாழ்நாள் சாதனை விருது வாங்கப் போகும் மாலையில் உடல் ஒத்துழைக்காத டெபியையும், அவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கேரியையும் கேமரா பின்தொடர்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 27-ல் கேரி இறந்தார். மறுநாள் டெபி. எச்பிஓ ஒளிபரப்பை முன்னுக்குக் கொண்டுவந்து 2017 ஜனவரி 7-ல் வெளியிட்டது. இருவரையும் நேசித்தே எடுத்த படம் அது. ஆனால் நேசம் படத்தைக் கெடுக்கவில்லை. உண்மையைச் சொல்லும் வேலையை மகள் பார்த்துக்கொண்டார்.

பணம் போடுவது யார்?

'பெக்கம்' தொடரைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்று ஸ்டூடியோ 99. அது டேவிட் பெக்கமின் சொந்த நிறுவனம். யாரைப் பற்றிய கதையோ அவரே கதையின் பங்குதாரர். இது ஒரு பெக்கமோடு முடிகிற வழக்கமில்லை. பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தயாரித்து ஓடிடிக்கு விற்பது இன்று நடைமுறை. பழைய வீடியோக்கள், வீட்டுப் படங்கள், நண்பர்களின் பேட்டி எல்லாம் நட்சத்திரத்தின் பெட்டியில் இருக்கின்றன. சாவி வேண்டுமென்றால் அவர் நிபந்தனைக்கு உட்பட வேண்டும்.

ஸ்டீவன்ஸின் கைவண்ணம் இங்கே தெரிகிறது. பழைய ஆட்டங்களைத் திரையில் ஓடவிட்டு, பார்ப்பவர்களின் முகத்தை நேருக்கு நேர் நெருக்கத்தில் படம்பிடித்தார். 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனியை உதைத்து பெக்கம் சிவப்பு அட்டை வாங்கிய கணத்தை பெக்கமும் பார்க்கிறார், சிமியோனியும் பார்க்கிறார். வசனம் பேசாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது நடிகருக்குத் தெரியும். ஒரு தேசமே அந்த இளைஞனைத் தூற்றிய மாதங்களை இந்தத் தொடர் அளவுக்கு நெருக்கமாக யாரும் காட்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. பெக்கம் ரியல் மாட்ரிட் அணியில் ஆடிய காலத்தில் கிளம்பிய கள்ளக்காதல் புகார்கள் பெயரில்லாமல், அந்த நாட்கள் எவ்வளவு கஷ்டமாக இருந்தன என்ற தம்பதியின் வேதனையாக மட்டுமே கடந்துபோகின்றன. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு பெக்கம் தூதராகப் போய்ச் சம்பாதித்த விமர்சனங்களுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. காரைப் பற்றிக் கேட்க ஒரு கணவர் கதவைத் திறந்தார். கத்தாரைப் பற்றிக் கேட்கக் கதவைத் திறக்க யாரும் இல்லை. தொடர் 2024-ல் சிறந்த ஆவணத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது. பூசி மெழுகிய இடங்கள் அதனால் மறைந்துவிடவில்லை.

சொந்தத் தயாரிப்பு இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் ஸ்டீவன்ஸின் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. அவர் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த 'டைகர் கிங்' 2020 மார்ச்சில், உலகம் ஊரடங்கில் இருந்தபோது வந்தது. புலி வளர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசாத ஆளே இல்லை. அந்தக் கூச்சலில் கூண்டில் கிடந்த புலிகளை எல்லோரும் மறந்துபோனார்கள் என்று விலங்கு ஆர்வலர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பரபரப்பு பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த ஒரு சட்ட மசோதாவின் மீது வெளிச்சம் விழச் செய்தது. தனியார் பெரும்பூனைகளை வளர்ப்பதையும், மக்கள் குட்டிகளைத் தொட்டு விளையாடுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் கையெழுத்தானது.

ஹியூகோவுக்குத் தெரியும்

பெக்கமின் பிம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 'சக்சஷன்' தொடரில் பிம்பத்தைக் காப்பாற்றும் ஹியூகோ பேக்கராக ஸ்டீவன்ஸ் நடித்துக்கொண்டிருந்தார். முதலாளி குடும்பத்தின் ஊழல்களுக்கு மேல் அறிக்கை விரிப்பது ஹியூகோவின் வேலை. முதலாளி இறந்ததும், மகன் கேட்டுக்கொண்டபடி அந்த முதலாளியின் பெயரைக் கெடுக்கும் செய்திகளைக் கசியவிடுவதும் அவர்தான். யாருக்கு எந்த உண்மையை எவ்வளவு கொடுப்பது என்று அளந்து வாழும் ஆள். அந்த வேடத்தை ஸ்டீவன்ஸ் இவ்வளவு இயல்பாகச் செய்ததில் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட ஆட்களோடு பேரம் பேசித்தான் ஓர் ஆவணப்பட இயக்குநர் நட்சத்திர வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பேரத்தில் அவர் எப்போதும் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. சுனிதா நாராயண் பேசிய காட்சியைக் காப்பாற்றினார். கத்தார் கேள்வியை விட்டுவிட்டார். ரசிகனுக்கு இதில் ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. அடுத்து எந்த நட்சத்திரத்தின் ஆவணப்படம் வந்தாலும், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். பிறகு, படம் முடிவதற்குள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து யாராவது ஒருவர் 'இல்லை' என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் அது ஆவணப்படம். யாருமே சொல்லாவிட்டால், நீங்கள் பார்த்து முடித்தது ஒரு நீளமான விளம்பரம்.